வீட்டில் ஒரு டெத் மெட்டல் கச்சேரி: டிஸ்க்கா, விழா ஒளிபரப்பா, ரசிகர் எடுத்த வீடியோவா?

2009இல் ஸ்வீடனின் ஓபெத் குழு சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் வாசித்தது. அப்படி ஒரு மாலை நம் பக்கம் அடிக்கடி அமைவதில்லை. டெத் மெட்டல், அதாவது உறுமும் குரலும் கனத்த கிதாரும் அதிரடி டிரம்ஸும் கொண்ட ராக் வகை; அதன் குழுக்கள் ஃப்ளோரிடாவில் இருக்கும், ஸ்வீடனில் இருக்கும், போலந்தில் இருக்கும். அவர்கள் சுற்றுப்பயணம் கிளம்பினால் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று முடிந்துவிடும். ஆகவே நம்மில் பெரும்பாலோருக்குக் கச்சேரி என்றால் வீடுதான். டிவி, லேப்டாப், ஒரு ஜோடி ஹெட்ஃபோன், அவ்வளவே.

அதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. இந்த இசை பரவியதே வீடுகள் வழியாகத்தான். 1980களில் உலகம் முழுக்க இருந்த ரசிகர்கள் டெமோ கேசட்டுகளையும் கச்சேரிப் பதிவுகளையும் ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். சக் ஷுல்டினர் ஃப்ளோரிடாவில் மான்டஸ் என்ற பெயரில் தொடங்கி, பிறகு டெத் என்று மாற்றிய குழுவுக்கு முதல் ஆல்பம் வருவதற்கு முன்பே கடல் தாண்டி ரசிகர்கள் இருந்தார்கள். அந்தக் கேசட்டுகள் செய்த வேலை அது. இன்று தபாலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எதைப் பார்ப்பது என்று முடிவு செய்வது முன்பைவிடக் கடினமாகிவிட்டது.

நம் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. குழுவே வெளியிட்ட டிவிடி அல்லது ப்ளூரே. பெரிய இசை விழாக்களை இணையத்தில் இலவசமாகக் காட்டும் ஒளிபரப்பு. கூட்டத்தில் நின்று ரசிகர் எடுத்த வீடியோ. அப்புறம், பார்வையாளரே இல்லாத இடத்தில் கேமராவுக்காகவே வாசித்த நிகழ்ச்சி. நான்குக்கும் ரசிகர்கள் உண்டு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டிரம்மரின் கையும் காலும் தெரிகிற, அவர் மிதிப்பது ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிற பதிவுதான் வீட்டுக்கு ஏற்றது. படம் எவ்வளவு பளபளப்பு, மேடை எவ்வளவு பெரிது, கூட்டம் எத்தனை ஆயிரம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? நேரில் போனால் கிடைக்கும் சில விஷயங்கள் வீட்டில் எந்த வழியிலும் கிடைக்காது. நெஞ்சுக்கூட்டில் வந்து மோதும் பேஸ், மோஷ் பிட்டில் தோளோடு தோள் இடிபடுவது, பக்கத்தில் நிற்கும் முகம் தெரியாத ஆளோடு சேர்ந்து கத்துவது, இவற்றை எந்தத் திரையும் தராது. ஆனால் நேரில் போனால் கிடைக்காத ஒன்று வீட்டில் உண்டு. கூட்டத்தின் நடுவில் நிற்பவருக்கு டிரம்மர் பெரும்பாலும் தெரியவே மாட்டார். சிம்பல் தட்டுகளுக்குப் பின்னால் ஒரு தலை மட்டும் ஆடும். இந்த இசையில் ரொம்பக் கடினமான வேலை நடப்பதோ அங்கேதான். கச்சேரிக்குப் போனால் முன்வரிசையில் இடம்பிடித்து மிருதங்கக்காரர் விரலையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள் இல்லையா, டெத் மெட்டலில் அந்த இடம் வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் கிடைக்கிறது.

ஒரே ஆண்டு, ஒரே நால்வர், இரண்டு பதிவுகள்

விழா மேடைக்கும் சிறிய அரங்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க டெத் குழுவின் இரண்டு பதிவுகளைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியாது. இரண்டும் 1998இல் பதிவானவை, இரண்டும் 2001இல் வெளிவந்தவை. இரண்டிலும் அதே நான்கு பேர்: கிதாரும் குரலுமாக சக் ஷுல்டினர், இன்னொரு கிதாரில் ஷானன் ஹாம், பேஸில் ஸ்காட் கிளெண்டெனின், டிரம்ஸில் ரிச்சர்ட் கிறிஸ்டி. முதலாவது, மே மாதம் நெதர்லாந்தின் டைனமோ ஓப்பன் ஏர் விழாவில் எடுத்த 'லைவ் இன் ஐந்தோவன்'. இரண்டாவது, டிசம்பர் 5ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் விஸ்கி எ கோ கோ என்ற அரங்கில் எடுத்த 'லைவ் இன் எல்.ஏ.'. விஸ்கி எ கோ கோ 1964இல் திறந்த பழைய இடம். சில நூறு பேர் நின்றால் நிறைந்துவிடும்.

ஐந்தோவன் பதிவில் ஒரு சிறப்பு உண்டு. அந்தக் குழுவின் கடைசி ஆல்பமான 'தி சவுண்ட் ஆஃப் பெர்சிவரன்ஸ்' 1998இன் பிற்பகுதியில்தான் கடைக்கு வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே அதில் இருந்த பாடல்களை இந்த விழாவில் வாசிக்கிறார்கள். எதிரே நிற்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் அவற்றை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டிருப்பார்கள். டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் அதே பாடல்கள் வரும்போது ஆல்பம் வெளிவந்துவிட்டது. அடுத்தடுத்து இரண்டையும் பார்த்தால், ஒரு பாட்டு புதிதாக இருக்கும்போது எப்படி வாசிக்கிறார்கள், கை பழகிய பிறகு எப்படி வாசிக்கிறார்கள் என்று புரியும்.

இருந்தாலும் ஒன்றுதான் என்றால் நான் எடுப்பது லாஸ் ஏஞ்சலஸ் பதிவைத்தான். அதன் முழுப்பெயரிலேயே 'ரா' (பச்சையானது) என்று போட்டிருக்கிறார்கள், கேட்கும்போதும் அப்படித்தான் இருக்கிறது. ஸ்டுடியோவில் பூசி மெழுகிய உணர்வு இல்லை. இரண்டு கிதாரும் தனித்தனியாகப் பிரிந்து கேட்கின்றன, கிறிஸ்டியின் கால்வேலை அடியில் புதைந்துபோகவில்லை. படம் என்று பார்த்தால் இன்றைய தரத்துக்கு மிகச் சாதாரணம். வெளிச்சம் குறைவு, நிறம் மங்கல். ஆனால் கேமரா மேடைக்கு நெருக்கமாக இருக்கிறது. சக் பாடிக்கொண்டே கடினமான இழைகளை வாசிப்பதை நம்மால் பார்க்க முடிகிறது. மைக் முன்னால் அந்த உயர்ந்த, கிழிகிற குரலில் ஒரு வரி முடியும், அந்த நொடியே விரல்கள் கிதாரின் கழுத்தில் வேறொரு தாளத்துக்குள் போய்விடும். டைனமோ போன்ற பெரிய மேடையில் கேமரா எட்ட நிற்கும். அந்த நெருக்கம் கிடைப்பது கடினம். 1987இல் வந்த முதல் ஆல்பத்தின் 'ஸாம்பி ரிச்சுவல்' முதல் கடைசி ஆல்பம் வரை 13 பாடல்கள் இருப்பதால், அந்தக் குழு எங்கே தொடங்கி எங்கே வந்து சேர்ந்தது என்பதும் ஒரே மாலையில் தெரிந்துவிடும்.

இந்தப் பதிவு வெளிவந்த காரணமும் மனதில் நிற்கிறது. சக்குக்கு 1999இல் மூளைத்தண்டில் கட்டி இருப்பது தெரிந்தது. சிகிச்சைக்குப் பணம் திரட்டவே 2001 அக்டோபரில் இதை வெளியிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 13ஆம் தேதி அவர் இறந்துவிட்டார், வயது 34. இந்தக் குழுவை இனி யாரும் நேரில் பார்க்க முடியாது. டெத்தைப் பொறுத்தவரை வீட்டில் பார்ப்பது ஒன்றுதான் வழி. அதனாலேயே எதைப் பார்க்கிறோம் என்பதில் கொஞ்சம் அக்கறை வேண்டும் என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் எளிமையான, நேரடியான அடி வேண்டும் என்பவர்களுக்கு கனிபல் கார்ப்ஸின் 'லைவ் கனிபலிசம்' இருக்கிறது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் மில்வாக்கியில் தி ரேவ் என்ற அரங்கில் பதிவானது. இதில் நான் பார்க்கச் சொல்வது அலெக்ஸ் வெப்ஸ்டரின் வலது கையை. இந்த வேகத்தில் பல பேஸ் கலைஞர்கள் பிக் என்ற சின்னத் தகட்டை வைத்துக்கொள்வார்கள். இவர் விரல்களாலேயே வாசிப்பவர். பாடகர் ஜார்ஜ் ஃபிஷர் கழுத்தைச் சுழற்ற ஆரம்பித்தால் முகம் மறைந்து முடி மட்டும் வட்டமாகச் சுற்றும். கண் தானாக அங்கே போய்விடும். அதைத் தாண்டி வெப்ஸ்டரைக் கவனியுங்கள்.

கனிபல் கார்ப்ஸ் பதிவைத் தேடும்போது தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம். ஜெர்மனியில் இந்தக் குழுவின் முதல் மூன்று ஆல்பப் பாடல்களை மேடையில் வாசிக்க 2006 வரை தடை இருந்தது. ஆகவே அதற்கு முந்தைய ஜெர்மன் விழாப் பதிவு எதையாவது எடுத்துவிட்டு, பழைய பாடல்கள் ஏன் இல்லை என்று தேடாதீர்கள். மில்வாக்கி பதிவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பாடல் வரிகளும் அட்டைப்படங்களும் கோரமானவை என்பதால் சின்னப் பிள்ளைகள் நடமாடும் கூடத்தில் போட வேண்டாம் என்பது தனியாகச் சொல்லத் தேவையில்லை.

விழா ஒளிபரப்பு

காசு செலவில்லாமல் நல்ல படம் வேண்டும் என்றால் விழா ஒளிபரப்புதான். பிரான்சில் நான்ட் நகருக்கு அருகே கிளிசோன் என்ற சிற்றூரில் 2006இலிருந்து நடக்கும் ஹெல்ஃபெஸ்டின் கச்சேரிகளை ஆர்டே என்ற பிரெஞ்சு-ஜெர்மன் பொது ஒளிபரப்பு நிறுவனம் இணையத்தில் காட்டுகிறது. ஹெல்ஃபெஸ்டில் பல இசைவகைகளுக்குத் தனித்தனி மேடை. டெத் மெட்டலுக்கு ஆல்டர் என்ற மேடை. தேடும்போது குழுவின் பெயரோடு ஹெல்ஃபெஸ்ட் என்றும் ஆண்டையும் சேர்த்துப் போட்டால் விரைவில் கிடைக்கும். சில வீடியோக்கள் எல்லா நாட்டிலும் திறக்காது, சில கொஞ்ச காலத்தில் எடுக்கப்பட்டுவிடும். பிடித்தது கண்ணில் பட்டால் அந்த வாரமே பார்த்துவிடுவது நல்லது.

ஜெர்மனியின் வாக்கன் விழா இன்னும் பெரியது. சுமார் 2,000 பேர் வாழும் கிராமத்தில் 1990இலிருந்து நடக்கிறது, பல்லாயிரம் பேர் வருகிறார்கள். அங்கே எடுத்த பதிவுகளில் என் தேர்வு ஸ்வீடன் குழுவான பிளட்பாத்தின் 'தி வாக்கன் கார்னேஜ்'. 2005இல் வாசித்தது, 2008இல் டிஸ்க்காக வந்தது. ஓபெத்தின் பாடகர் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் இதில் வெறும் உறுமல் மட்டும் தருகிறார். இனிமையான குரலில் அவர் பாடிக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தத் தொண்டையின் மறுபக்கம் எவ்வளவு ஆழம் என்று தெரியும்.

ஆனால் விழா ஒளிபரப்பில் எனக்கு ஒரு தீராத மனக்குறை உண்டு. வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கிரேன் கேமரா கூட்டத்தின் மேல் பறக்கும், அப்புறம் பாடகர் முகம், அப்புறம் தீ, அப்புறம் யாரோ ஒருவரைக் கூட்டம் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வரும் காட்சி. டிரம்மர் பிளாஸ்ட் பீட் என்ற அதிவேக அடியைத் தொடங்கும் சரியான நொடியில் திரையில் கொடி ஆடிக்கொண்டிருக்கும். இயக்குநர் அந்தப் பாடல்களை அறிந்தவராக இருந்தால் இது நடக்காது; ஒரே நாளில் பல குழுக்களை எடுக்கும்போது எல்லாப் பாடலையும் அறிந்திருக்க வழியில்லை. இன்னொன்று நேரம். விழாவில் ஒரு குழுவுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்தான் கிடைக்கும். எல்லோருக்கும் தெரிந்த பாடல்களை வாசித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். புதிதாக ஒரு குழுவை அறிய இது நல்ல வழிதான். ஏற்கெனவே உயிராக நேசிக்கும் குழுவைப் பார்க்க இது போதாது.

கைகளைப் பார்ப்பது பற்றிச் சொன்னேன், அதில் ஒரு கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 240 பீட் வேகத்தில் ஒரு பீட்டுக்கு நான்கு மிதி என்று டபுள் பாஸ் (இரண்டு காலாலும் பெரிய டிரம்மை மிதித்து அடிப்பது) போனால், நொடிக்கு 16 அடி. வீடியோ நொடிக்கு 25 ஃபிரேமில் இருந்தால் ஒரு அடிக்கு ஒன்றரை ஃபிரேம்தான் கிடைக்கும். கால் அசைவதே தெரியாது, ஒரு மங்கலான நடுக்கம் மட்டும் தெரியும். 50 அல்லது 60 ஃபிரேமில் எடுத்திருந்தால் ஒரு அடிக்கு மூன்றுக்கும் மேல் கிடைக்கும், காலும் குச்சியும் ஏறுவதும் இறங்குவதும் பிரிந்து தெரியும். யூடியூபைக் கணினியில் பார்ப்பவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். வேகமான இடத்தில் நிறுத்திவிட்டு, விசைப்பலகையில் முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக முன்னே போகும், காற்புள்ளி விசை பின்னே கொண்டுவரும். நல்ல பதிவில் அப்படித் தட்டிக்கொண்டே போனால் இடது கை ஸ்னேர் என்ற சின்ன டிரம்மிலிருந்து ஓர் அங்குலம்கூட எழும்பாமல் திரும்ப இறங்குவதைக் காணலாம். தோளிலிருந்து அடித்தால் இந்த வேகம் வராது. மணிக்கட்டும் விரலும்தான் வேலை செய்கின்றன என்பது அந்த ஃபிரேம்களில் பளிச்சென்று தெரியும்.

இதில் யாரும் எதிர்பார்க்காத ஒரு விளைவு: பழைய வீடியோ கேமராவில் எடுத்த டிவிடி, புதிய ப்ளூரேயைச் சில இடங்களில் வென்றுவிடும். அந்தக் கால வீடியோ ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு பாதியாக, நொடிக்கு 50 அல்லது 60 முறை பதிவு செய்தது. இன்றைய இயக்குநர்கள் பலர் சினிமாத் தோற்றத்துக்காக 24 ஃபிரேமில் எடுக்கிறார்கள். படம் அழகாக இருக்கும், குச்சி கரைந்துபோகும். ஆகவே டிவிடி என்றாலே பழசு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ரசிகர் எடுத்தது, கேமராவுக்காக வாசித்தது

ரசிகர் வீடியோவைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும். கூட்டத்திலிருந்து கைபேசியைத் தூக்கிப் பிடித்து எடுத்ததில் பெரும்பாலானவை வீட்டில் உட்கார்ந்து கேட்கத் தகுந்தவை அல்ல. போனின் மைக் பேச்சுக்காகச் செய்தது. 100 டெசிபெல்லுக்கு மேல் சத்தம் வந்தால் அது திணறிவிடும். கிதார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் ஒரே இரைச்சலாகச் சேர்ந்துவிடும். மெதுவான ராக் பாட்டு அதைத் தாங்கும். டெத் மெட்டல் தாங்காது.

இன்னொரு வகை இருக்கிறது. நல்ல கேமராவோடு மேடை ஓரத்தில் நின்று, ஒலியைக் கலக்கும் மிக்சர் கருவியிலிருந்து நேரடியாக ஒலியை வாங்கி, அரங்கத்தின் ஒலியோடு கலந்து தருபவர்கள். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து இயங்கும் ஹேட்ஃபைவ்சிக்ஸ் இதில் பெயர் பெற்றது. ஹார்ட்கோர் என்ற பங்க் வகைதான் அவர்களுடைய முதல் வீடு என்றாலும் டெத் மெட்டல் குழுக்களையும் எடுத்திருக்கிறார்கள். இன்னும் ஆல்பம் விற்காத, ஐம்பது பேர் முன்னால் வாசிக்கும் குழுக்களைப் பார்க்க இதைவிட வழி இல்லை. எந்த நிறுவனமும் அவர்களுக்கு டிவிடி போடப்போவதில்லை. தனியாக டிரம்மர் மேல் மட்டும் ஒரு கேமராவை வைத்து எடுத்த வீடியோக்களும் நிறைய உண்டு. கச்சேரி அனுபவம் என்று அவற்றைச் சொல்ல முடியாது. டிரம்ஸ் கற்பவருக்கு அவை புதையல்.

நான்காவது வழி 2020இல் பெருகியது. பெருந்தொற்றில் மேடைகள் மூடியபோது குழுக்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு இணையத்தில் வாசித்தன. ஒபிச்சுவரி தன் முதல் இரண்டு ஆல்பங்களான 'ஸ்லோலி வி ராட்' (1989), 'காஸ் ஆஃப் டெத்' (1990) இரண்டையும் முழுசாக அப்படி வாசித்தது. 2022இல் அவை வெளியீடுகளாகவும் வந்தன. போலந்தின் பெஹிமோத் 2020 செப்டம்பர் 5ஆம் தேதி, கைவிடப்பட்ட ஒரு தேவாலயத்தில் 'இன் அப்சென்ஷியா டேய்' என்ற நிகழ்ச்சியை நடத்தியது. நெருப்பு, வேடம், அங்கி என்று ஒரு நாடகம்போலவே இருக்கும். பெஹிமோத் டெத் மெட்டலோடு பிளாக் மெட்டலும் கலந்த குழு என்பதால் அந்தச் சடங்குத் தோற்றம் அவர்களுக்குப் பொருந்துகிறது.

ஒலி என்று பார்த்தால் இந்த வகைதான் முதலிடம். கூட்டத்தின் இரைச்சல் மைக்குக்குள் புகவில்லை, கேமரா டிரம்மருக்குப் பின்னாலும் போய் நிற்கலாம். ஒபிச்சுவரியில் ஜான் டார்டியின் குரலும் அவர் சகோதரர் டொனால்ட் டார்டியின் டிரம்ஸும் இவ்வளவு துலக்கமாக வேறு எங்கே கேட்கும் என்று தெரியவில்லை. அவர்கள் பாட்டு வேகமானதில்லை. கனமாக, இழுத்து அடிக்கிற பாட்டு. ஒவ்வொரு அடிக்கும் இடையில் இருக்கும் வெற்றிடம் கேட்டால்தான் அதன் ருசி. அதற்கு இந்த அமைதி உதவுகிறது. குறை என்ன என்றால், பாட்டு முடிந்ததும் ஒன்றும் நடக்காது. கடைசி அடி விழுந்து நிசப்தம் வரும்போது கச்சேரி பார்க்கிறோம் என்ற நினைப்பு கலைந்துவிடுகிறது. பெஹிமோத் அந்த இடங்களைக் காட்சிகளால் நிரப்பியது, புத்திசாலித்தனமான முடிவு. வாசிப்பை மட்டும் நம்பி வரும் குழுவுக்கு அந்த வசதியும் இல்லை.

எதில் கேட்பது

நல்ல பதிவை எடுத்துவிட்டு டிவியின் சொந்த ஸ்பீக்கரில் போட்டால் எல்லாம் வீண். கிதாரின் கீழ்க்கம்பி சாதாரணமாக 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். டெத் மெட்டலில் அதை இறக்கிக் கட்டுவார்கள். 'பி' ஸ்வரம் வரை இறக்கினால் 62 ஹெர்ட்ஸ் அளவுக்கு வரும். பேஸ் கிதார் அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே, 31 ஹெர்ட்ஸ். டபுள் பாஸ் டிரம்மின் உடலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். போன் ஸ்பீக்கரில் அந்தப் பகுதி கிட்டத்தட்ட வராது, ஒல்லியான டிவியிலும் பெயருக்குத்தான் வரும். மிதியில் மேலே கேட்கும் 'டிக்' மட்டும் மிஞ்சும். டெத் மெட்டல் என்றால் தட்டச்சு இயந்திரம்போலக் கேட்கிறது என்று சொல்பவர்கள் பலர் இப்படித்தான் கேட்டிருக்கிறார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கு என் யோசனை ஹெட்ஃபோன். காதை முழுசாக மூடும், வயர் உள்ள, நடுத்தர விலை ஹெட்ஃபோன் ஒன்று, அதே விலைக்கு வாங்கும் சவுண்ட்பாரைவிட இந்த இசைக்கு நன்றாக உழைக்கும். சப்வூஃபர் வைத்தால் சுகம்தான், ஆனால் கீழ் ஒலி சுவரையும் தளத்தையும் தாண்டிப் போகும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாட்டு கேட்காது, அதிர்வு மட்டும் போய்ச் சேரும். தனி வீடு என்றால் ஸ்பீக்கரையே எடுங்கள். அறை மூலையில் ஒட்டி வைக்காமல் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். மூலையில் வைத்தால் பேஸ் வீங்கி, மிதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

டிவியிலோ சவுண்ட்பாரிலோ பார்க்கும்போது இரண்டு அமைப்புகளை அணைத்துவிடுங்கள். ஒன்று நைட் மோட். அது பெரிய சத்தத்தைக் குறைத்துச் சின்னச் சத்தத்தை ஏற்றும். அடிக்கு அடி இருக்கும் ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும். மற்றது பேச்சைத் துலக்கிக் காட்டும் வசதி. அது மனிதக் குரல் இருக்கும் பகுதியை மட்டும் தூக்கும், பேஸைத் தள்ளிவிடும். சீரியலுக்கு நல்லது, இதற்கு ஆகாது.

இணைய ஒலிக்கும் டிஸ்க் ஒலிக்கும் உள்ள தூரமும் இந்த இசையில் தெரியும். டிவிடியில் சுருக்காத ஸ்டீரியோ ஒலி இருந்தால் அது நொடிக்கு 1,536 கிலோபிட். யூடியூபில் வருவது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். மெல்லிய பாட்டில் பலருக்கு வித்தியாசம் பிடிபடாது. டெத் மெட்டலிலோ சிம்பல் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது, கிதாரின் டிஸ்டார்ஷன் (கரகரப்பு) எல்லா இடத்தையும் அடைத்திருக்கிறது; சுருக்கும் மென்பொருளுக்குக் கழிக்க எதுவும் இல்லை. அதனால் சிம்பல் தண்ணீர் சலசலப்பதுபோல ஆகிவிடும். நல்ல ஹெட்ஃபோனில் ஒருமுறை அதைக் கேட்டுவிட்டால் பிறகு கேட்காமல் இருக்க முடியாது.

சத்த அளவில் கவனம் வேண்டும். ஹெட்ஃபோனில் இந்த இசையை ஏற்றிக்கொண்டே போகத் தோன்றும். 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் என்பது தொழிலிடங்களுக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு மூன்று டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான். ஒன்றரை மணி நேரக் கச்சேரியை அந்த அளவில் கேட்டால் காதுக்குள் ரீங்காரம் வரும், அது சிலருக்குப் போகாமலே நின்றுவிடும்.

சரி, யாருக்கு எது? இந்த இசைக்கே புதியவர், அல்லது புதியவரோடு உட்கார்ந்து பார்க்கப்போகிறவர் என்றால் நான் சொல்வது ஓபெத்தின் 'இன் லைவ் கான்சர்ட் அட் தி ராயல் ஆல்பர்ட் ஹால்'. 2010 ஏப்ரல் 5ஆம் தேதி லண்டனில், குழுவின் இருபதாம் ஆண்டையொட்டி நடந்தது. முதல் பாதியில் 2001இல் வந்த 'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பம் முழுசும், இரண்டாம் பாதியில் மற்ற ஒவ்வொரு ஆல்பத்திலிருந்தும் ஒவ்வொரு பாட்டு, வந்த வரிசையில். உறுமலும் மென்மையான குரலும் மாறி மாறி வருவதால் பழகாத காது களைக்காது. ஓகர்ஃபெல்ட் பாடல்களுக்கு நடுவே நிதானமாகப் பேசுவதும் புதியவரை அருகே இழுக்கும். டிரம்ஸ் கற்பவருக்கு, கிதார் கற்பவருக்கு, டெத்தின் லாஸ் ஏஞ்சலஸ் பதிவு. காட்சிக்காகப் பார்ப்பவருக்கு பெஹிமோத். நண்பர்கள் நாலு பேர் கூடி, பேசிக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் பார்ப்பது என்றால் ஹெல்ஃபெஸ்ட் ஒளிபரப்பு போதும். அங்கே யாரும் காலைக் கவனிக்கப்போவதில்லை.

டிஸ்க் வாங்குவது என்று முடிவானால் இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிவிடிக்கு இந்தியா ஐந்தாம் மண்டலம், ப்ளூரேக்கு சி மண்டலம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பவை வேறு மண்டலத்துக்குப் பூட்டியவையாக இருக்கலாம். இசை டிஸ்க்குகளில் பலவற்றுக்கு அந்தப் பூட்டு இருக்காது. இருந்தாலும் உறையின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் சேரும். ஆகவே ஒவ்வொன்றாக வாங்காமல், பழக்கமான இரண்டு மூன்று ரசிகர்கள் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் அனுப்பும் செலவாவது பிரியும். ஆளுக்கு ஒன்று வாங்கி மாற்றிக்கொண்டு பார்க்கலாம்.